மழை பெய்தால் பூசை

போன மாதத்து முதல் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் என் கைப்பேசி ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது. நான் இருபத்தேழு வருடம் பங்குக் குருவாக இருந்த கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல் வந்திருந்தது. "கனமழை காரணமாக இன்றைய காலைப் பூசை இடம்பெறாது." கீழே ஏழு பேர் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. மழைக்காகப் பூசையை நிறுத்துவதா? என் காலத்தில் அந்தக் கோயிலில் மழை பெய்தால்தான் பூசை.

இப்போது அங்கே இருப்பவர் ஃபாதர் அன்டன். வேறொரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த பிள்ளை, நல்லவர், நன்றாகப் பாடுவார். பங்கின் மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள், தாழ்மை, பொறுமை என்று உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதுங்கள் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டும் என்னிடம் இல்லை என்பதற்குத் தோட்டத்தில் எத்தனை சாட்சி வேண்டுமானாலும் கிடைக்கும். பெருமை இருக்கிறது. குருவானவர் பெருமைப்படக் கூடாது என்பார்கள். எழுபத்து நான்கு வயதில் அதற்கும் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டால் போகிறது.

அறிவித்தலைப் பார்த்த உடனே அவருக்குத் தொலைபேசி எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கேள்வி என்னுடையது அல்ல. அது எனக்கு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் திண்டுக்கல் பக்கத்து ஆள். குருமடத்தில் பதினொரு வருடம். கொஞ்சம் இலத்தீன், நிறையத் தத்துவம், அதைவிட நிறையப் பசி. ரப்பர் மரம் என்று ஒன்று இருப்பதை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. நாற்பத்திரண்டாவது வயதில், தோட்டங்களுக்குத் தமிழ்க் குரு வேண்டும் என்று இங்கே இலங்கையில் இருந்த ஆயர் கேட்க, எங்கள் சபை என்னை விமானம் ஏற்றிவிட்டது. மூன்று வருடம் என்றுதான் பேச்சு. ஒரு வருடம் நகரத்துத் தாய்க்கோயிலில் உதவிக் குருவாக இருந்தேன். பிறகு தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் விட்டார்கள். தகரக் கூரைக் கோயில், இரண்டு அறை வீடு, அறுபது கத்தோலிக்கக் குடும்பம், அதைப்போல ஆறு மடங்கு இந்துக் குடும்பம். வருடா வருடம் கொழும்புக்குப் போய் விசா புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆயரின் கடிதம் வேண்டும்.

போன முதல் வாரத்திலேயே செபமாலை என்ற பால் வெட்டுகிற அம்மா என்னை நிறுத்தி, எப்போது இந்தியாவிலிருந்து வந்தீர்கள் என்று விசாரித்தார். போன வருடம் என்றேன். "அப்ப நீங்கதாங்க புதுசா வந்த இந்தியாக்காரவுங்க. நாங்க பழசு" என்றார். தோட்டம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஒரு வாரம் கழித்து.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூசை என்று அறிவித்தேன். எங்கள் ஊரில் ஏழு மணி என்றால் ஏழு மணி. வந்தவர்கள் நான்கு பேர்: உபதேசியார் சவரிமுத்து, கண் தெரியாத ஒரு பெரியவர், பிள்ளை பெற்று இருபது நாளான ஒரு பெண், அவள் கையில் அந்தப் பிள்ளை. நான் அந்த நான்கு பேருக்கும் வராதவர்களின் பாவத்தைப் பற்றி முப்பத்தைந்து நிமிடம் பிரசங்கம் செய்தேன். அடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாம் ஞாயிறு, அங்கியோடு மலையேறி, வராதவர்களை நேரில் பிடிக்கப் போனேன்.

ரப்பர்க் காட்டுக்குள் செபமாலைதான் முதலில் அகப்பட்டார். கத்தியை மரப்பட்டையில் வைத்து ஒரு நூல் கனத்துக்குச் சீவிக்கொண்டே, சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே, என் திட்டு முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"மரத்துக்கு ஞாயித்துக்கெழம தெரியாதுங்க சாமி. விடியக்குள்ள வெட்டினாத்தான் பால் ஓடும். வெயில் ஏறினா நின்னுரும். மழை பெஞ்சி பட்டை நனைஞ்சா மட்டுந்தான் எங்களுக்கு லீவு."

அவ்வளவுதான் பாடம். பதினொரு வருடக் குருமடத்தில் கிடைக்காதது.

ஞாயிறு பூசையை மாலை நான்கு மணிக்கு மாற்றினேன். அதற்கு வந்தார்கள், ஆனால் காலையில் இரண்டு மலை ஏறி இறங்கிய உடம்போடு வந்தார்கள். வசனம் வாசிக்கும்போதே பாதிப் பேர் தூங்கினார்கள். ஆகவே கூடுதலாக மழைப் பூசையைத் தொடங்கினேன். அதன் முறை இதுதான். நாலே முக்காலுக்கு எழும்ப வேண்டும். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரப்பர் மரத்தில் உள்ளங்கையை விரித்து வைக்க வேண்டும். கை வெறுமனே குளிர்ந்தால் அது பனி. கையிலிருந்து தண்ணீர் முழங்கைக்கு ஓடினால் அது மழை. ஆனால் உடனே மணி அடிக்கக் கூடாது. பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிற இடத்தில், மேற்பார்வை செய்கிற கணக்கப்பிள்ளை டோர்ச் அடித்து மரம் பார்த்து, "இன்னிக்கு வெட்டு இல்ல" என்று சொல்லும்வரை பொறுக்க வேண்டும். அதற்கு முன் அடித்தால் தோட்டத்து மேலாளரான துரையோடு வம்பு. சொன்ன பிறகு, இருபது அடி, நிதானமாக. ஆறே காலுக்குப் பூசை. பிரசங்கம் நாலு நிமிடம், ஏனென்றால் ஏழு மணிக்கு வானம் வெளுத்துப் பட்டை காய்ந்துவிட்டால் லேட் வெட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு கண்ணைப் புத்தகத்திலும் ஒரு கண்ணை வாசல் வெளிச்சத்திலும் வைத்துப் பூசை வைக்க நான் பழகினேன். செவ்வாயோ வியாழனோ, மழை நாளில் நூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, வாசலில் உதறி வைத்துவிட்டுப் பாடுவார்கள். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தை மிஞ்சிப் பாடுவார்கள்.

நகரத்தில் யாரோ, இந்தியச் சாமி ஞாயிறு காலையில் பூசை வைக்காமல் தூங்குகிறார் என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். விசாரிக்க வந்தவர் ஃபாதர் சிரில். தாய்க்கோயிலில் எனக்குப் பெரியவராக இருந்தவர், பகுதிக் குருக்களுக்கெல்லாம் தலைவர். சிங்களவர். தோட்டத்துத் தமிழ் பேசுவார், ஆனால் முக்கியமான கேள்வி என்றால் சிங்களத்துக்குப் போய்விடுவார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பஸ்ஸில்தான் வருவார். வந்ததும் குடையை மடித்து மேசைமேல் குறுக்கே வைப்பார். குடை மேசையில் இருக்கும்வரை விசாரணை நடக்கிறது என்று அர்த்தம். எந்த நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னாலும், அலங்காரம், பாடகர் குழு, பந்தல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்பார்: "கீ தெனெக் ஆவாத?" எத்தனை பேர் வந்தார்கள். உதவிக் குருவாக இருந்தபோது அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சந்தைக் கணக்கு மாதிரி இருக்கிறதே என்று நினைப்பேன்.

அவர் விசாரிக்க வந்த அன்று நல்ல வெயில். நான் மழைப் பூசையைப் பற்றிச் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் கழித்து, கொட்டுகிற மழையில், சொல்லாமல் கொள்ளாமல் தெஹியோவிட்டவில் யாரோ வீட்டில் தங்கி, விடியலில் ஏறி வந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்ததும் வழக்கமான கேள்வி. நூற்றுப் பன்னிரண்டு என்றேன். "நூத்திப் பதினாலு. நீங்க ரெண்டு கொழந்தைய உட்டுட்டீங்க" என்றார். தாய்க்கோயில் வாசலில் எல்லாச் சிற்றாலயங்களின் பூசை நேரமும் எழுதிய பலகை ஒன்று உண்டு. அடுத்த மாதம் போனபோது எங்கள் கோயிலின் பெயருக்கு எதிரே ஞாயிறு மாலை நான்கு மணி என்றும், அதன் கீழே இரண்டு மொழியிலும் "மழை நாள் காலை" என்றும் புதுப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. இலங்கையில் எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

எல்லாருக்கும் அந்த மணி பிடித்தது என்று சொல்ல மாட்டேன். மேல் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு, எல்லாம் இந்துக் குடும்பங்கள். அங்கே பெரிய தலை மாரிமுத்து, மாரியம்மன் கோயில் பூசாரி. அவருடைய தங்கை ஒரு கத்தோலிக்கப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு, என்னிடம்தான் ஞானஸ்நானம் பெற்றாள். நான் அவளிடம் மூன்று முறை யோசிக்கச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் நம்பியிருக்க மாட்டார். "மழைக்குச் சும்மா கெடக்கிறவன மணியடிச்சு ஆள் புடிக்கிறாங்க" என்று பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். மணி கேட்டால் மேல் லயத்தில் கதவைச் சாத்த வேண்டும் என்பது அவர் கட்டளை. தோட்டத்தில் இந்துக்கள்கூட என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் ஃபாதர் என்பார். சாமி ஒன்றுதான், அது எங்கள் மேட்டில் இருக்கிறது என்று காரணமும் சொல்வார்.

ஏழாவது வருடம் வைகாசி. நாலு நாளாக விடாத மழை. நாலாம் நாள் காலை பூசைக்கு நாற்பது பேர்தான் வந்தார்கள். நாலு நாள் வேலை இல்லாத வீட்டில் பாட்டு எங்கே வரும்? பூசை முடிந்து செபமாலை உடுப்பு மாற்றும் அறைக்கே வந்தார். அவருடைய அக்கா மகள் வீட்டுக்குப் போகிற வழியில் மேல் லயத்துப் பீலியைப் பார்த்தாராம். மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பிடிக்கிற இடம்தான் பீலி. அது நின்றுவிட்டது என்றார். இலை அடைத்திருக்கும் என்றேன் நான்.

"அடைக்கலைங்க சாமி, கைய உட்டுப் பாத்துட்டேன். இம்புட்டு மழையில பீலி நின்னா, மலை தண்ணிய வெளிய உடாம உள்ளுக்கே குடிக்குதுன்னு அர்த்தம். குடிச்சிக்கிட்டே இருக்காதுங்க."

எனக்கு மலை தெரியாது. ஆனால் மரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்று சொன்னவர் இவர்தான். சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன்.

மேல் லயத்தில் பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. கிராம சேவகர் சிங்களத்தில் ஒரு மண்சரிவு எச்சரிக்கைத் தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எல்லாரும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பாடசாலைக்குப் போக வேண்டுமாம். கணக்கப்பிள்ளையும் அதையே சொன்னார். யாரும் அசையவில்லை. காரணம் சோம்பல் அல்ல. மூன்று நாளைக்கு முன்னால்தான் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டினால் அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அம்மனாக வைத்த கும்பத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கும் அணையக் கூடாது. பாடசாலை எல்லைக்கு வெளியே. லயத்துக்குப் பின்னால் மலையை வெட்டிய மண்சுவர் நாலு ஆள் உயரம், அதில் ஒரு விரல் நுழைகிற வெடிப்பு. அதைப் பார்த்துக்கொண்டே நாற்பத்தேழு பேர் நின்றார்கள்.

எங்கள் கோயிலுக்கு வாருங்கள் என்றேன். அது எல்லைக்கு உள்ளே, கற்பாறைமேல் கட்டியது. பூசாரி என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"அம்மாவத் தனியா உட்டுட்டு நாங்க எங்கயும் வரலைங்க ஃபாதர்."

"அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

இப்போதுதான் அவர் திரும்பினார். "எங்க வைப்பீங்க?"

"விறாந்தையில."

"எங்க அம்மா விறாந்தையில நிக்க மாட்டா."

இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த இடத்தில் நான் தயங்கினேன். ஆயரின் முகம் வந்தது, விசாக் கடிதம் வந்தது, ஊரில் என்னைக் குருவாக்கக் காணி விற்ற அப்பாகூட வந்தார். மண்சுவரிலிருந்து ஒரு கட்டி விழுந்து, ஒரு வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் உடைந்தது. ஒரு பெண் தன் பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். அவள் பூசாரியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"உள்ள வாங்க. நடுக்கோயில்ல, பீடத்துக்கு முன்னால வைக்கலாம்" என்றேன்.

"உங்க பெரியவங்க கேட்டா?"

"அது என் பாடு."

பூசாரி கொஞ்ச நேரம் மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு தன் ஆட்களிடம், "அம்மா இருக்கிற எடந்தான் நம்ம கோயிலு. எடுங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் தன் சாதிசனத்திடம் எவ்வளவு பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தைரியம் என்னுடையது மட்டுமல்ல.

நான் முன்னால் ஓடினேன். சட்டம் சட்டம்தான்: பூசையில் மந்திரித்த அப்பமான நற்கருணை இருக்கும் இடத்தில் வேறு வழிபாடு கூடாது. தோளில் துகில் போட்டு, பேழையைத் திறந்து, நற்கருணைக் கிண்ணத்தைத் துகிலால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சவரிமுத்து குடை பிடித்தார். அணையா விளக்கையும் எடுத்துக்கொண்டு என் படுக்கை அறையில் ஒரு மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து வைத்தோம். வெளியே வரும்போது மேட்டிலிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது. பூசாரியின் தலையில் வேப்பிலை சுற்றிய கும்பம். விளக்கின் மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து இருவர் தூக்கி வந்தார்கள். பின்னால் நாற்பத்தேழு பேர், மூட்டை முடிச்சு, கோழி, ஒரு தையல் மெஷின். வாசலில் பூசாரி நின்றார். உள்ளே வருவாரா, கடைசி நிமிடத்தில் மனம் மாறிவிடுவாரா?

"மணியடிங்க சாமி" என்றார்.

ஏழு வருடத்தில் முதல் தடவை சாமி. நானே கயிற்றைப் பிடித்து இருபது அடி அடித்தேன்.

பகல் இரண்டு மணிக்கு மலை இறங்கியது. பெரிய சத்தம் என்று எதிர்பார்த்திருந்தேன். லொறியிலிருந்து கல் கொட்டுகிற அளவுதான், ஆனால் நிற்காமல். பன்னிரண்டு காம்பராவில் எட்டு போய்விட்டது. அம்மன் கோயிலும் போய்விட்டது. பூசாரி கும்பத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஆண்பிள்ளை என்று பாராமல் அழுதார். செபமாலை அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார். நான் அறைக்குள் போய் நற்கருணைக்கு முன்னால் முழந்தாளிட்டேன். செபம் ஒன்றும் வரவில்லை.

மூன்றாம் நாள் ஃபாதர் சிரில் வந்தார். செய்தி அவருக்கு முன்னமே போயிருந்தது: இந்தியச் சாமி கோயிலில் மாரியம்மனை வைத்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கும்பத்தைப் பார்த்தார். நற்கருணை எங்கே என்று கேட்டார். காட்டினேன். விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். குடை குறுக்கே கிடந்தது. நான் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த விளக்கத்தைத் தொடங்கினேன். அவர் கையைத் தூக்கினார்.

"கீ தெனெக் ஆவாத?"

"நாற்பத்தேழு."

"ஒக்கொமத?" எல்லாருமா என்று கேட்டார்.

"ஒக்கொம."

குடையை மேசையிலிருந்து எடுத்தார். அந்தக் கேள்வியைச் சந்தைக் கணக்கு என்று நினைத்ததற்கு அன்றைக்கு மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆயருக்கு அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கோயிலைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொள்ளச் சொல்லி. திருவிழா முடிந்து பதினோராம் நாள் காப்பு அவிழ்த்து அவர்கள் புறப்பட்ட பிறகு அப்படியே செய்தேன். தீர்த்த வாளியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தவர் பூசாரி மாரிமுத்து. எங்கெங்கே விடுபட்டது என்று அவர்தான் காட்டினார். அந்த வருடம் விசாக் கடிதம் இரண்டு மாதம் பிந்தி வந்தது. நான் காரணம் கேட்கவில்லை.

பூசாரி மதம் மாறவில்லை; நானும் கேட்கவில்லை. மேட்டில் புதுக் கோயில் கட்டினார்கள். ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. மழை நாளில் மணி கேட்டதும் அவர் மலைக்குப் போய்ப் பீலியைப் பார்த்துவிட்டு எங்கள் விறாந்தைக்கு வருவார். உள்ளே வர மாட்டார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதைக் கேட்காமல் நான் மழைப் பூசையைத் தொடங்கியதே இல்லை, இருபது வருடம். பிறகு மரங்களுக்கு மழைக்காப்புப் பிளாஸ்டிக் கட்டினார்கள், மழையிலும் வெட்டு வந்தது, இளையவர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள், கூட்டம் குறைந்தது. ஃபாதர் அன்டன் கிழமை பார்த்துப் பூசை வைக்கிறார். அதில் தப்பில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. தொலைபேசியில் அவரிடம் கேட்டேன், எத்தனை பேர் வந்தார்கள் என்று.

"பூசையே இல்லைன்னு போட்டுட்டேனே சாமி. யார் வரப்போறா இந்த மழையில?"

"கதவைத் திறந்து பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அவரே எடுத்தார். குரல் மாறியிருந்தது. பதினொரு பேர் இருட்டில் நனைந்துகொண்டு வாசலில் நிற்கிறார்களாம், குழுவில் இல்லாத வயதானவர்கள், செபமாலை உட்பட. மணி அடிக்காவிட்டாலும் மழை பெய்ததே என்றார்களாம்.

"இன்னொரு பெரியவர் வந்தாருங்க சாமி. பன்னிரண்டாவது ஆள். உள்ள வாங்கன்னேன், வரல. 'பீலி ஓடுது'ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"பூசையைத் தொடங்கலாம் என்று அர்த்தம்" என்றேன்.